கூன் செங் ரோட்டில் சித்தப்பா தொட்டுப் பார்த்த டைல்ஸ்

பாயலேபார் பாண்டி | சனி, இரவு 9:42

காரைக்குடியிலிருந்து சித்தப்பா சிங்கப்பூர் வந்திருக்கிறார். மரினா பே, செந்தோசா, பறவைப் பூங்கா எல்லாம் காட்டியாகிவிட்டது. மனிதர் எதற்கும் அசரவில்லை. "நல்லாத்தான் இருக்கு", அவ்வளவுதான். இன்று காலை சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பசியாற ஜூ சியாட் பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கூன் செங் ரோட்டில் திரும்பியதும் நின்றுவிட்டார்.

நீங்கள் எல்லோரும் பார்த்த இடம்தான். சாலைக்கு இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக மாடி வைத்த வரிசை வீடுகள். ஒன்று ரோஸ், அடுத்தது பச்சை, அதற்கடுத்தது நீலம். ஊரே வந்து அந்த வண்ணத்தைத்தான் படம் எடுக்கிறது. சித்தப்பா வண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேட் திறந்திருந்த ஒரு வீட்டு முன்முற்றத்தில் கால் வைத்து, ஜன்னலுக்குக் கீழே குனிந்து, அங்கே பதித்திருந்த பூப்போட்ட டைல்ஸை விரலால் தடவினார். "டேய், இது நம்ம வீட்டு வளவுச் சுவர்ல இருக்கிறதுடா. இதே ரோஜா. இதே மேடு" என்றார்.

அப்புறம் திரும்பி வரும் வழியெல்லாம் கேள்வி. அந்த டைல்ஸ் எங்கிருந்து வந்தது? ஜூ சியாட் ரோட்டில் கீழே கடை, மேலே வீடு. இங்கே மட்டும் ஏன் கீழேயும் வீடு? பின்னால் எவ்வளவு தூரம் போகிறது? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. இருபது வருடமாக இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கிறேன், வெட்கமாக இருந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓட்டுச்சில்லு | சனி, இரவு 10:15

முதலில் ஒரு விஷயம். அது ஒருவர் குடியிருக்கும் வீடு. சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தத் தெருக்காரர்கள் படம் எடுக்க வருபவர்களால் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்கள்.

டைல்ஸ் விஷயத்தில் சித்தப்பாவின் கை பொய் சொல்லவில்லை. பலர் இங்கே ஆத்தங்குடிக் கல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஆத்தங்குடிக் கல் தரைக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, காய வைத்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை. கூன் செங் ரோட்டில் இருப்பது வேறு ரகம். மஜோலிகா என்பார்கள். களிமண்ணை அச்சில் அழுத்தி, மேடும் பள்ளமுமாக எடுத்து, சுட்டு, மேலே பளபளக்கும் வண்ண மெருகு பூசி மறுபடி சுடுவது. பெரும்பாலும் ஆறு அங்குலச் சதுரம். மெருகு பள்ளத்தில் தேங்கி நிற்பதால் அங்கே நிறம் கருத்தும், மேட்டில் வெளுத்தும் தெரியும். விரலால் தடவினால் ரோஜா இதழ் எழும்பி நிற்கும்.

இவை முதலில் இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தன. முதல் உலகப் போரில் அந்த வரத்து தடைப்பட்டது. அந்த இடைவெளியில் ஜப்பான்காரர்கள் நுழைந்தார்கள். 1920களிலும் 30களிலும் விலை மலிவாக, அதே மாதிரிகளைப் பார்த்துச் செய்து ஆசியா முழுவதும் விற்றார்கள். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா வாங்கியது. செட்டிநாடும் வாங்கியது. இந்தியச் சந்தைக்கென்றே கண்ணனும் லட்சுமியும் போட்ட டைல்ஸ்கூட ஜப்பானில் செய்தார்கள். ஆக, சித்தப்பா வீட்டு ரோஜாவும் கூன் செங் ரோட்டு ரோஜாவும் ஒரே சூளையில் பிறந்த அக்கா தங்கையாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கே அவற்றைப் 'பெரனாக்கான் டைல்ஸ்' என்று சொல்லி நினைவுப் பொருள் கடையில் விற்கிறார்கள். பெரனாக்கான் என்றால் பல தலைமுறையாக மலாய்ப் பழக்கத்தோடு கலந்து இங்கே வாழும் சீன வம்சத்தார். பெரனாக்கான்கள் செய்ததல்ல, பெரனாக்கான்கள் விரும்பி வாங்கியது.


சிலோன் ரோடு பேத்தி | சனி, இரவு 11:03

கோயில் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மம்மா வீடு அந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தது. வாடகை வீடு. தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். அப்படி வந்த ஆட்கள் அந்த வட்டாரத்தில் நிறைய. குளத்தங்கரையில், செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்து, அதற்குக் கொட்டகை போட்டு வளர்ந்த கோயில் அது. அதனால்தான் செண்பக விநாயகர். இப்போது நீங்கள் பார்க்கும் ராஜகோபுரம் 2003இல்தான் வந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வாசலில் இரண்டு கதவு. உள்ளே கனமான பெரிய கதவு, வெளியே இடுப்பு உயரத்துக்கும் கொஞ்சம் மேலே அரைக்கதவு. பிந்து பாகார் என்று மலாயில் சொல்வோம். பகல் முழுக்கப் பெரிய கதவு திறந்தே கிடக்கும், அரைக்கதவு மட்டும் சாத்தியிருக்கும். காற்று வரும், தெரு நாய் வராது, போகிறவர் வருகிறவர் தலை மட்டும் தெரியும். மீன்காரர் தலையை வைத்தே அம்மம்மா கண்டுபிடித்துவிடுவார்.

முன்கூடம், அதன் பின்னே சாமி அறை, அதற்கும் பின்னே திறந்த முற்றம். மழை நேராக வீட்டுக்குள் பெய்யும். அதற்குக் கல் பாவிய பள்ளம், ஓரத்தில் ஒரு ஓட்டை, தண்ணீர் அதில் போய்விடும். முற்றத்தைச் சுற்றிக்கொண்டுதான் குசினிக்குப் போக வேண்டும். நவம்பர் டிசம்பரில் சோற்றுப் பானையைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுவோம். மிளகாய் காய வைப்பதும் அங்கேதான். எங்கள் முற்றத்தில் மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டு பாபா (பெரனாக்கான்) ஆச்சி அவர் முற்றத்திலிருந்து தும்முவார். சுவருக்கு மேலே சத்தம் மட்டும் வரும். அவர் பெலாச்சான் (இறால் விழுது) வறுக்கும் நாளில் நாங்கள் பதிலுக்கு மூக்கைப் பொத்துவோம்.

கடல் அப்போது கிட்டே. இன்றைக்கு மரின் பரேட் அடுக்குமாடிகள் நிற்கிற இடம் தண்ணீர். 1966இல் கடலைத் தூர்க்க ஆரம்பித்த பிறகு, அம்மம்மா "கடல் கோபித்துக்கொண்டு போய்விட்டது" என்று சொல்வாராம்.


தெம்பனிஸ் தம்பி | ஞாயிறு, காலை 8:20

எல்லாம் சரி அக்கா. ஆனால் இன்றைக்கு அந்த வீடு ஒன்று பல மில்லியன் வெள்ளி. நானும் நீங்களும் வாசலில் நின்று செல்ஃபி எடுக்கலாம். உள்ளே போனால் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் எஃகும், மின்தூக்கி, நீச்சல் குளம். முன்னால் மட்டும் பழைய முகம். முகமூடிக்கு எதற்கு இவ்வளவு பெருமை? அந்த ரோஸும் பச்சையும் 1819இல் வெள்ளைக்கார ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோதே அடித்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் விட்டால் சொல்லுவார்கள் போல.


ஓட்டுச்சில்லு | ஞாயிறு, காலை 9:05

1819இல் அங்கே தென்னை மரம்கூட ஒழுங்காக இருந்திருக்காது தம்பி.

அந்தப் பகுதி தென்னந்தோப்பு. சியூ ஜூ சியாட் என்ற நிலவுடைமையாளர் தோப்பு தோப்பாக வாங்கிப் போட்டவர், 1926இல் இறந்தார். தோப்பின் நடுவே ஒரு மண்பாதை. அதை நல்ல சாலையாக்க 1917இல் நகராட்சி நிலம் கேட்டபோது பணம் வாங்காமல் கொடுத்தார், சாலைக்கு அவர் பெயர் வந்தது. தானம்தான், ஆனால் கணக்குத் தெரிந்த தானம். சாலை வந்தால் இரண்டு பக்கமும் இருக்கும் மீதி நிலம் என்ன விலைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? கூன் செங்கும் அப்படித்தான். சியோங் கூன் செங் ஏலம் விடுபவர், வீடுமனை வணிகர். வட்டாரமே மனை வியாபாரிகள் பெயரில்தான் இருக்கிறது.

சித்தப்பாவின் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இதில் இருக்கிறது. நகரத்துக்குள், சைனாடவுனில், கடைவீடு என்றால் கீழே பிழைப்பு, மேலே படுக்கை. முன்னால் ஐந்தடி நடைபாதை விட்டே ஆக வேண்டும். 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்கு எழுதிய உத்தரவிலேயே, வீடுகளின் முன்னால் கூரை போட்ட, தொடர்ச்சியான, எந்நேரமும் திறந்திருக்கும் வழி வேண்டும் என்று இருக்கிறது. மலாயில் காக்கி லீமா. நிலம் உங்களுடையது, நடப்பது ஊர்.

1920களில் கையில் காசு சேர்ந்தவர்கள் நகர நெரிசலை விட்டு, ஜூ சியாட்டை ஒட்டிய காத்தோங் பக்கம் வந்தார்கள். கார் வந்துவிட்டது, சாலை வந்துவிட்டது, கடல் காற்று வேறு. கடை நகரத்தில், வீடு இங்கே. கீழே கடை இல்லை என்றால் வாசலில் ஊர் நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்தடி வழி இருந்த இடத்தில் ஒரு சின்ன முன்முற்றம், தூண் வைத்த கேட், இரண்டு படி. கடைவீட்டிலிருந்து கடையைக் கழித்தால் கூன் செங் ரோடு. கட்டுவதற்குக் கொத்தனார்களுக்குத் தெரிந்தது அதே பழைய கணக்குதான், அதனால் உடம்பு கடைவீட்டின் உடம்பாகவே இருக்கிறது.

வண்ணம் பற்றிச் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காலத்தில் சுண்ணாம்புதான். வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, காவி கலந்த மஞ்சள். இன்றைய மிட்டாய் நிறம் டப்பா பெயிண்ட் காலத்தது. ஆனால் சுதை வேலை அன்றையது. மாடி ஜன்னல்களுக்கு நடுவே பாருங்கள், பூங்கொத்து, பறவை, சில வீடுகளில் வௌவால். சீன மொழியில் வௌவாலும் அதிர்ஷ்டமும் ஒரே உச்சரிப்பு, அதனால் வௌவால் வீட்டுக்கு நல்லது. அதன் பக்கத்திலேயே சுவரோடு ஒட்டிய தூணில் கிரேக்கத்துப் பூவேலை. அதன் கீழே மலாய் அரைக்கதவு. வீட்டுக்காரருக்கு எதுவும் அந்நியமாகப் படவில்லை.


சுண்ணாம்புச் சட்டி | ஞாயிறு, மதியம் 1:30

பழைய வீடு புதுப்பிக்கும் தளங்களில் மேற்பார்வை வேலை எனக்கு. கேலாங், பாலஸ்டியர், ஜூ சியாட் என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது. எல்லோரும் முகப்பையே பேசுகிறீர்கள். நான் பக்கச் சுவரைப் பற்றிப் பேச வந்தேன்.

வரிசை வீட்டில் இரண்டு வீட்டுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். நம் ஊர்ப் பத்திரத்தில் 'பொதுச்சுவர்' என்று எழுதுவார்களே, அதுதான். மாடித் தரையைத் தாங்கும் மர உத்திரங்கள் தெருவிலிருந்து பின்பக்கமாகப் போவதில்லை. இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்குக் குறுக்கே போகின்றன. வீட்டின் அகலத்தை முடிவு செய்வது மரம். நல்ல செங்கால் மரம் எவ்வளவு நீளத்துக்கு வளையாமல் நிற்குமோ, அதுவே வீட்டின் அகலம், ஐந்து ஆறு மீட்டருக்குள். நீளம் மட்டும் மனை முடியும் வரை போகலாம். அதனால்தான் ரயில் பெட்டி மாதிரி உருவம். அதனால்தான் நடுவில் முற்றம், இல்லாவிட்டால் நடு அறைக்கு வெளிச்சம் ஏது?

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. எடையெல்லாம் பக்கச் சுவர் சுமப்பதால் முகப்புச் சுவருக்கு வேலை குறைவு. ஆகவே அதில் எத்தனை ஜன்னல் வேண்டுமானாலும் திறக்கலாம், எவ்வளவு பூவேலை வேண்டுமானாலும் செய்யலாம். நீங்கள் படம் எடுக்கும் அழகு, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒருவன் சுமந்துகொண்டிருப்பதால் வந்தது.

ஒருமுறை ஒரு வீட்டில் மாடித் தரைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். உத்திரத்தின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் பொந்தில் கையை விட்டேன். ஈரமாக, பிசுபிசுவென்று, ஊறிய ரொட்டி மாதிரி வந்தது. மீதி பன்னிரண்டு அடி மரம் இரும்பு. சுவருக்குள் இருந்த அரை அடி மட்டும் மாவு. அதே பொந்துக்கு நேர் எதிரே, அரை முழத்துக்குள், பக்கத்து வீட்டு உத்திரத்தின் நுனி இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினேன். கதவைத் திறந்த அம்மா, "என் வீட்டில் ஒன்றும் உடையவில்லையே, நீ ஏன் வருகிறாய்?" என்றார். அவரிடம் விளக்கிச் சம்மதம் வாங்க மூன்று வாரம். வேலை நான்கு நாள்.

தம்பி சொன்ன முகமூடி விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, ஒளிக்க ஒன்றுமில்லை. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்றவற்றைப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவித்தது, ஜூ சியாட் 1990களில் சேர்ந்தது. ஆனால் ஜூ சியாட் வேறு வகை. முதன்மைக் கட்டடம் நிற்க வேண்டும். பின்பக்கத்தில், உயர வரம்புக்கு உட்பட்டு, புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பலருக்கு இது பிடிக்காது. எனக்கு இதில் தப்புத் தெரியவில்லை. பின்னால் கழிவறையும் குசினியும் இன்றைய மாதிரி கட்டிக்கொள்ள விடாவிட்டால் யார் குடியிருப்பார்கள்? சைனாடவுனில் எல்லாம் நேர்த்தியாக நிற்கிறது, இரவு ஒன்பது மணிக்கு எத்தனை வீட்டில் சோறு வேகிறது என்று பாருங்கள்.


மயிலாடுதுறை மாப்பிள்ளை | ஞாயிறு, மதியம் 2:10

இது அப்படியே எங்கள் ஊர் அக்கிரகாரம் அண்ணா. பொதுச்சுவர், நீட்டு வீடு, நடுவில் முற்றம், வாசலில் நின்று பார்த்தால் கொல்லைப்புறம் தெரியும். திண்ணை மட்டும்தான் இங்கே இல்லை.


ஓட்டுச்சில்லு | ஞாயிறு, மதியம் 2:31

திண்ணையில் வழிப்போக்கர் உட்காரலாம், ஆனால் வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும். ஐந்தடி வழியில் நடக்க யார் மனசும் வேண்டாம். ஒன்று தர்மம், மற்றது விதி. சாமான் செட்டைப் பரப்பி அடைப்பதில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று.


எவரிட் ரோடு வாடகைக்காரன் | ஞாயிறு, மாலை 6:48

பொதுச்சுவர் என்றதும் என் புண்ணைக் கிளறிவிட்டீர்கள்.

மூன்று வருடம் நானும் இரண்டு நண்பர்களும் அந்தப் பக்கம் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். உரிமையாளர் பெரிதாகச் செலவு செய்கிறவர் இல்லை. சுவரில் பழைய சுண்ணாம்பு, தொட்டால் கையில் ஒட்டும். ஆனால் வீடு உலர்ந்து இருந்தது. மதியத்தில் மின்விசிறி போதும்.

பக்கத்து வீட்டைப் புதிதாக ஒருவர் வாங்கினார். ஆறு மாதம் இடி இடி என்று வேலை. எட்டிப் பார்த்தபோது சிமெண்ட் பூசிய சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே குளிர்சாதனம். பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த மழைக்காலம் எங்கள் பக்கம் கீழ்மாடிச் சுவரில், முழங்கால் உயரத்தில், கொப்புளம். கிள்ளினால் உள்ளே வெள்ளையாகக் கல் உப்பு மாதிரி. இரண்டு மாதத்தில் இடுப்பு உயரம் ஏறிவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் வைத்திருந்த என் தமிழ்ப் புத்தகங்கள் மொத்தமும் பூஞ்சணம். ஊரிலிருந்து கப்பலில் போட்டுக் கொண்டுவந்தவை.

எங்கள் வீட்டுக்காரர் "துடைச்சுட்டு ஜன்னலைத் திறந்து வை" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் "என் சுவர் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். அது உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல். கடைசியில் நாங்கள் காலி செய்தோம். யார் மேல் தப்பு என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.


சுண்ணாம்புச் சட்டி | ஞாயிறு, இரவு 8:15

நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறியை வாரம் ஒரு முறை பார்க்கிறேன்.

இந்த வீடுகளின் செங்கல் சுவர் நேரே மண்ணிலிருந்து எழும்புகிறது. இன்றைக்குப் போல ஈரம் தடுக்கும் படலம் அடியில் கிடையாது. செங்கல் பஞ்சு மாதிரி நிலத்து நீரை உறிஞ்சும். காத்தோங் மண் பழைய கடற்கரை, உப்புக்குக் கேட்க வேண்டுமா? பழைய கொத்தனாருக்கு இது தெரியும். ஏறும் ஈரத்தை அவர் தடுக்கவில்லை, வெளியே போக விட்டார். சுண்ணாம்புப் பூச்சுக்கு மூச்சு உண்டு. ஈரம் பூச்சு வழியாக வெளியே வரும், முற்றத்துக் காற்று அதைக் கொண்டுபோய்விடும். உப்பு மேலே பூக்கும், வருடம் ஒருமுறை சுரண்டிவிட்டு வெள்ளை அடிப்பார்கள். தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டுக்கோ வெள்ளை அடிப்பது அலங்காரம் மட்டுமல்ல, சுவருக்கு வைத்தியம்.

சிமெண்ட் பூசினால் அந்த மூச்சு நின்றுபோகும். ஓதம் நின்றுவிடாது, வழி தேடும். மேலே ஏறும். ஒரே சுவர்தானே, மறுபக்கம் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கமாக வந்துவிடும். அவர் சுவர் நன்றாக இருந்ததற்குக் காரணம், அவர் ஈரத்தையும் சேர்த்து உங்கள் பக்கம் வெளியேற்றிக்கொண்டிருந்தீர்கள். முற்றத்தையும் அவர் அடைத்துவிட்டார், அங்கே காய்ந்துகொண்டிருந்த பங்கும் போயிற்று.

மருந்து இருக்கிறது. சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைப் பல மாதம் காய விட்டு, அடியில் வரிசையாகத் துளை போட்டு ஈரம் தடுக்கும் மருந்து செலுத்தி, மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். மேலே மூச்சு விடும் பெயிண்ட். இதில் எல்லோருக்கும் கசக்கிற சொல் "பல மாதம்" என்பதுதான். அதைவிடக் கசப்பு, இரண்டு பக்கமும் செய்ய வேண்டும் என்பது. பாதுகாப்பு விதி முகப்பில் ஜன்னல் பலகை எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்று வரைக்கும் பார்க்கும். உள்ளே பொதுச்சுவரில் யார் என்ன பூசுகிறார் என்பதை வீட்டுக்காரரின் அறிவுக்கு விட்டுவிடுகிறது. தம்பி முகமூடி என்று சொன்னாரே, என் வருத்தம் பின்னால் கட்டும் கண்ணாடி அறையில் இல்லை. இதில்தான்.


தெம்பனிஸ் தம்பி | ஞாயிறு, இரவு 9:00

சரி, ஒத்துக்கொள்கிறேன், இது எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு சிக்கலான வீடுகளை 60களில், 70களில் ஏன் இடித்துத் தள்ளவில்லை? ஊரில் பாதியை இடித்தார்களே.


ஓட்டுச்சில்லு | ஞாயிறு, இரவு 9:40

நல்ல கேள்வி. ஒரு காரணம், அரசின் கை நகர மையத்தில் முதலில் விழுந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டிக்கடைக் கூடங்கள்) இடிபட்டுப் போன இடத்தில் இன்று வங்கிக் கோபுரங்கள். புறநகருக்கு அந்த அவசரம் வரவில்லை.

இன்னொரு காரணம் வாடகைக் கட்டுப்பாடு. 1947இல் வந்த சட்டம், போருக்கு முந்தைய வீடுகளின் வாடகையை உறைய வைத்தது. குடியிருப்பவரை எழுப்ப முடியாது, வாடகை ஏற்ற முடியாது. வீட்டுக்காரர் பழுது பார்க்க மாட்டார், ஆனால் இடித்துக் கட்டவும் அவரால் லேசில் முடியாது. நாற்பது வருடம் வீடுகள் ஒழுகிக்கொண்டே நின்றன. அந்தச் சட்டம் முழுவதுமாகப் போனது 2001இல். அதற்குள் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. ஒழுகிய கூரைதான் காப்பாற்றியது என்று சொன்னால் பேத்தி அக்கா அடிக்க வருவார்.


சிலோன் ரோடு பேத்தி | ஞாயிறு, இரவு 10:12

அடிக்க மாட்டேன். அம்மம்மா வீட்டில் ஒழுகும் இடத்துக்கு ஒன்று என்று ஐந்து வாளி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். மழை நாளில் தூக்கம் வராமல் எந்த வாளி என்று கண்டுபிடித்து விளையாடுவோம்.

சுண்ணாம்புச் சட்டி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. தைப்பொங்கலுக்கு முன்னால் தாத்தா சுவர் வெள்ளை அடிக்கும்போது பாபா வீட்டுக்கும் சொல்லி அனுப்புவார். அவர்களும் அதே வாரம் அடிப்பார்கள். அவர்களுக்குப் பண்டிகை அதற்குப் பிறகுதான் வரும், எப்படியும் அடிக்க வேண்டும். சுண்ணாம்பை ஒரே பானையில் எங்கள் முற்றத்தில்தான் ஊற வைப்பார்கள். கொதிக்கும், கிட்டே போகாதே என்பார்கள். சுண்ணாம்பு மிச்சம் பிடிக்கத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.


மட்டுறுத்துநர் | திங்கள், காலை 7:30

காத்தோங் லக்சாவை முள்கரண்டியால் சாப்பிடுவதா கரண்டியால் மட்டும் சாப்பிடுவதா என்று இரவோடு இரவாக வந்த 23 பதிவுகளை உணவுப் பகுதிக்கு மாற்றிவிட்டேன். இங்கே வீட்டைப் பற்றிப் பேசுவோம்.


மயிலாடுதுறை மாப்பிள்ளை | திங்கள், காலை 10:05

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கூன் செங் ரோடு ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதனால் வருட நடுவில் சூரியன் வடக்கே இருக்கும்போது வடக்கு பார்த்த வரிசைக்கு வெயில், வருடக் கடைசியில் எதிர் வரிசைக்கு. சுதை வேலை நிழல் விழுந்தால்தான் தெரியும். நேர் வெயிலில் எடுத்தால் தட்டையாக வரும். கேட்டுக்கு வெளியே நின்றே எடுங்கள். சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.


பாயலேபார் பாண்டி | வியாழன், இரவு 9:20

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக எழுத முடியவில்லை, சித்தப்பாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன்.

போவதற்கு முன்னால் இதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். செவ்வாய் காலை மறுபடியும் போவோம் என்றார். இந்த முறை கேட்டுக்கு வெளியேதான் நின்றார், சத்தியமாக. முகப்பைப் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவே வண்ணம் மாறும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸ் முடிந்து பச்சை தொடங்கும் இடம், தூணின் நடுவில் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. ஒரே தூண். பாதி ரோஸ், பாதி பச்சை. இதை நான் நூறு முறையாவது கடந்து போயிருப்பேன்.

இன்று ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். வளவுச் சுவரிலிருந்து எப்போதோ விழுந்த ஒரு டைல்ஸ் பரணில் கிடந்ததாம். ரோஜாதான். பின்பக்கத்தைத் திருப்பிப் படம் எடுத்திருக்கிறார். குறுக்கும் நெடுக்கும் வரி, நடுவில் தேய்ந்துபோன எழுத்து. 'ஜப்பான்' என்பது மட்டும் படிக்க முடிகிறது. கீழே "ஓட்டுச்சில்லுக்குக் காட்டு" என்று எழுதியிருக்கிறார்.


ஓட்டுச்சில்லு | வியாழன், இரவு 9:31

படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி முத்திரை அந்த எழுத்துக்கு மேலே இருக்கும்.


சுண்ணாம்புச் சட்டி | வியாழன், இரவு 9:36

அதைத் திரும்பச் சுவரில் வைக்கப் போகிறார் என்றால், சுண்ணாம்புச் சாந்து மட்டும். சிமெண்ட் வேண்டாம். செட்டிநாட்டுச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் வைத்தால் அடுத்த முறை கல்லோடு சுவரும் சேர்ந்து வரும்.


பாயலேபார் பாண்டி | வியாழன், இரவு 10:02

இப்போதுதான் போன் பண்ணினேன். படம் எடுத்த கையோடு கொத்தனாரைக் கூப்பிட்டு ஒட்டிவிட்டாராம். வெள்ளைச் சிமெண்ட். "கச்சிதமா உட்கார்ந்திருச்சுடா, அசைச்சுக்கூடப் பார்த்தேன்" என்கிறார். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.


சுண்ணாம்புச் சட்டி | வியாழன், இரவு 10:05

எப்போது ஒட்டினார்? இன்றைக்குத்தானே? இன்னும் முழுசாக இறுகியிருக்காது. மறுபடியும் போனைப் போடுங்கள்.